போய்த் திரும்புகிற தூரம்

முன்சக்கர ரிம்முக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, "இதோட மலை ஏறாதடா தம்பி, உள்பக்கம் விரிசல் ஓடுது" என்று அக்கா சொன்ன இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தோம். அந்த விரலில் ஒட்டிய கறுப்பு இன்னும் போகவில்லை. சோப்புக்கும் போகவில்லை, மண்ணெண்ணெய்க்கும் போகவில்லை.

சனிக்கிழமை காலை கடை ஷட்டரைத் தூக்கும்போதே அக்காவுக்கு வலது தோள் சுருக்கென்றது. கூடவே காதில் ஒரு குரல்: "தோளால தூக்காதீங்க அண்ணி, முழங்காலை மடக்குங்க." குரலுக்குச் சொந்தக்காரி பக்கத்தில் இல்லை. மலைமேல் ஓர் ஊரில், மகளோடு தனியாக இருக்கிறாள். அவள் போய் இரண்டு வருஷமாகிறது. தோளுக்கு மட்டும் அது தெரியவில்லை.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. அக்கா டயர்க்கடை வைத்திருக்கிறாள். அவள் தம்பி பல் டாக்டர். தம்பி பெண்டாட்டி, பிடித்துக்கொண்ட கைகால்களுக்குப் பயிற்சி கொடுத்துச் சரிசெய்கிற பிசியோதெரபிஸ்ட். "பல்லுக்கு ஒருத்தர், எலும்புக்கு ஒருத்தர், நடுவுல இருக்கற சதைக்கு நான்" என்று அக்காவின் வீட்டுக்காரர் தொந்தியைத் தட்டிக் காட்டுவார். நால்வரும் சிரிப்பார்கள். இப்போது அந்த ஜோக்கை அவர் சொல்வதில்லை.

தம்பியும் அவளும் எதற்காகப் பிரிந்தார்கள் என்று கேட்டால் சொல்வதற்கு ஒன்றுமே இல்லை. குடி இல்லை, கைநீட்டல் இல்லை, இன்னொருத்தி இல்லை. தம்பிக்கு எங்கே போனாலும் திரும்புவதில்தான் கண், அவ்வளவுதான். விசேஷ வீட்டில் பந்திக்கு முன்னாலேயே செருப்பைத் தேடுவான். மகள் கேக் வெட்டும்போது இவன் கையில் கார்ச் சாவி இருக்கும். "பேஷன்ட் காத்திருக்காங்க" என்பான். பொய்யும் இல்லை, காத்திருப்பார்கள்.

ஒருநாள் அவள் குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "நீங்க வர்றதே கிளம்பறதுக்குத்தான். இப்ப நாங்க கிளம்பறோம்."

அப்படிப் போனவர்களிடமிருந்து போன மாதம் ஒரு போன் வந்தது. பேசியது மகள். வீட்டில் அவளுக்கு 'வாலு' என்று பெயர். பள்ளிக்கூடத்தில் நீச்சல் போட்டி, மல்லாந்து நீந்துவதில் அவளும் இருக்கிறாள், அப்பா வந்து பார்க்க வேண்டும். அடுத்த வாரமே தம்பி இருந்த நல்ல காரை விற்றுவிட்டு, யாரோ ஓட்டிக் கழித்த மின்சார ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினான். ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை.

போட்டி நாளைக்கு.

-

சத்தமே இல்லாமல் கார் வந்து வாசலில் நின்றது. பஞ்சர் ஒட்ட வந்திருந்தவர் பஞ்சரை மறந்துவிட்டு வெளியே வந்து பார்த்தார். கறுஞ்சிவப்பு நிறம், தரையோடு தரையாக உடம்பு. இரண்டே கதவு, இரண்டே ஸீட்.

"இதுல உக்காரணுமா, படுக்கணுமா மச்சான்?" என்றார் வீட்டுக்காரர் கல்லாவிலிருந்து.

"உங்களுக்கு ரெண்டும் வேண்டாம் மாமா. வண்டி எழுந்திருக்காது."

"பல்லு வலியில இருக்கேன், வாயைக் கிளறாதே."

அக்கா சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே உட்கார்ந்தாள். வண்டியைத் தூக்குகிற லிஃப்டுக்கு நேராக அவள்தான் கொண்டுபோவாள். வேறு யாரையும் விடமாட்டாள். ஸ்டியரிங்கைப் பிடித்தவள் பக்கத்து ஸீட்டைப் பார்த்து அப்படியே இருந்துவிட்டாள். காலி ஸீட்டின் குறுக்கே பெல்ட் மாட்டியிருந்தது.

"என்னடா இது, ஆளில்லாத ஸீட்டுக்கு பெல்ட்டு?"

"பையை வெச்சா ஆள் உக்காந்திருக்கறதா நெனச்சுக்கிட்டு கத்துதுக்கா. அதான் மாட்டிவிட்டேன்."

"இப்பதான் பை இல்லையே?"

தம்பி கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தான். "கழட்டத் தோணல" என்றான்.

அக்கா அந்த பெல்ட்டை ஒரு விரலால் தொட்டாள். அந்த ஸீட்டில் யார் உட்கார வேண்டும் என்று அவன் நினைக்கிறான் என்பது தெரியாதா என்ன? இன்னொன்றும் இருந்தது, அதை அவள் வெளியே சொல்லவில்லை. 'நீயும் வாக்கா' என்று ஒரு வார்த்தை அவன் சொன்னால் கடையை அப்படியே போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்துவிடுவாள். தம்பிக்குப் பெண்டாட்டி போனாள் என்று ஊரே உச்சுக்கொட்டியது. அக்காவுக்கு ஒரே சிநேகிதி போனாள் என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. ஆனால் வாலு கூப்பிட்டது அப்பாவை. கூப்பிடாத இடத்துக்கு எந்த முகத்தோடு போய் நிற்பது? வண்டியை உருட்டிக்கொண்டு போனாள்.

மின்சாரக் காரை லிஃப்டில் ஏற்றுவது மற்ற வண்டி போல் இல்லை. அடிவயிறு முழுக்க பேட்டரி. இடம் மாறி முட்டுக்கொடுத்தால் அதை நசுக்கிவிடும். நான்கு மூலையிலும் அதற்கென்று விட்டிருக்கிற இடத்தைத் தேடி, ரப்பர்க் கட்டை வைத்து, குனிந்து குனிந்து பார்த்துத்தான் தூக்கினாள். கடையில் வேலை பார்ப்பவருக்கு இன்று லீவு. எல்லாம் அவள்தான்.

"அந்த விரிசல் சக்கரம் மாதிரியே இன்னொண்ணு கெடைக்கலையாக்கா?"

"வாரம் பூரா கேட்டாச்சு, இல்லை. நாலையும் மாத்தறதுதான் வழி. பாக்கற வண்டிக்கெல்லாம் மாட்டற ரிம் இதுக்கு ஆகாது. பேட்டரி கனத்துல முக்கால்வாசி ரிம் வளைஞ்சுடும். இந்தக் கனத்தைத் தாங்கும், பிரேக்ல இடிக்காதுன்னு பொறுக்கினா நம்ம கடையில ரெண்டு செட்டுதான் தேறுது. வா, காட்டறேன்."

முதல் செட் வெள்ளி நிறத்தில் இருந்தது. பத்தொன்பது இஞ்ச், மெல்லிய ஆரக்கால்கள், ஆடம்பரம் எதுவும் இல்லை. அக்கா ஒன்றை ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டினாள்.

"பாரு, எவ்வளவு லேசுன்னு. டயரும் கரண்டு காருக்குன்னே வந்தது. தள்ளிவிட்டா தானா ஓடும், சார்ஜை மிச்சம் பிடிக்கும். உள்ள பஞ்சு ஒட்டியிருக்கு, சத்தமும் கேக்காது."

தம்பி எட்ட நின்று பார்த்தான். "ஆஸ்பத்திரி ட்ரே மாதிரி இருக்கு."

"நீ நாள் பூரா பாக்கறது அதைத்தானே. வேற என்ன தோணும்?"

"வாசல்ல கண்ணாடிக்குள்ள நிக்குதே, அது?"

அது கறுப்பு. இருபத்தொரு இஞ்ச். வருகிறவர் கண்ணை இழுப்பதற்காக டயரோடு மாட்டி வைத்திருந்த செட். பின்சக்கரம் இரண்டும் அகலமென்றால் அப்படியொரு அகலம். தம்பி அதன்மேல் கையை வைத்தான். ரப்பர் விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

"அது பந்தயக்காரங்க டயர்டா. ரோட்டைப் பசை மாதிரி பிடிக்கும். பிடிக்கப் பிடிக்க சார்ஜைக் குடிக்கும். அதை மாட்டிக்கிட்டு மலை ஏறினேன்னு வை, போய்ச் சேருவே. அதோட சரி."

"திரும்பி வர முடியாதா?"

"எப்படி வர்றது? எறங்கும்போது கொஞ்சம் சார்ஜ் ஏறும்தான். அடிவாரத்துக்கு வந்ததும் பொட்டுனு நின்னுடும்."

"அடிவாரத்துலயும் சார்ஜ் போடற எடம் கெடையாதுக்கா. அவ ஊர்லயும் கெடையாது. வீட்டு பிளக்குதான்."

"வீட்டு பிளக்குல ராத்திரி பூரா போட்டாத்தான் உண்டு."

"ராத்திரி பூரா" என்று தம்பி திருப்பிச் சொன்னான். அந்த டயர்மேல் வைத்த கையை எடுக்கவே இல்லை. "அப்ப கறுப்பையே மாட்டிடுக்கா."

படிக்கிறவர்களுக்கு இந்நேரம் சங்கதி விளங்கியிருக்கும். அக்காவுக்கு விளங்கவில்லை. டயரில் முள் குத்தியிருந்தால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடி எடுப்பவள், தம்பியின் முகத்தில் எழுதி ஒட்டியிருந்ததைப் படிக்கவில்லை. டாக்டர் கோட்டை இஸ்திரி போடாமல் வாசல் தாண்டாதவன் அவன். பெண்டாட்டி, பிள்ளை முன்னால் ஜம்மென்று போய் இறங்க ஆசைப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

"அழகு பாத்துட்டு வழியில நிக்கப் போறியா?"

"அக்கா, நான் கேக்கறதை மாட்டேன்."

அதற்குள் அவன் போன் அடித்தது. கடைவாய்ப் பல் வீங்கி ஒருவர் கிளினிக் வாசலில் உட்கார்ந்திருக்கிறாராம். தம்பி போனைப் பார்த்தான், காரைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான்.

"போய்ட்டு உடனே வந்துடறேன்."

இந்த ஒரு வார்த்தையைக் கேட்டுக் கேட்டுத்தான் ஒருத்தி மலையேறிப் போனாள். அக்கா தலையை மட்டும் ஆட்டினாள்.

-

மத்தியானம் கடையில் கூட்டமில்லை. வீட்டுக்காரர் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அக்கா இரண்டு செட்டுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வெள்ளியை உருட்டிக்கொண்டு வந்தாள்.

"ஏம்மா, அவன் கேட்டது கறுப்பு."

"அவனுக்கு அழகு வேணும். எனக்கு அவன் நல்லபடியா திரும்பி வரணும்."

"கேட்டதைக் குடுக்கறதுதானே கடை?"

"கடைக்கு வர்றவங்களுக்கு அது. இவன் என் தம்பி."

வீட்டுக்காரர் பதிலுக்கு வாயைத் திறந்தார். பல் வலி மூடிவிட்டது.

டயரை ரிம்மில் ஏற்றி, மிஷினில் சுற்றவிட்டு, எங்கே எடை குறைகிறதோ அங்கே துளி ஈயம் ஒட்டினாள். மேல்மாடிக்குப் போகிற படிக்குக் கீழே பழைய டயர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. அதில் இரண்டு அடுக்கு நாற்காலி உயரம்தான். அக்காவும் தம்பி பெண்டாட்டியும் மத்தியானச் சாப்பாட்டை அங்கேதான் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். தம்பி பெண்டாட்டி வேலை பார்த்த இடம் இரண்டு தெரு தள்ளி இருந்தது. டப்பாவை மூடிக்கொண்டே ஓடிவருவாள். வந்ததும் முதல் வேலையாக அக்காவின் தோளைப் பிடித்துப் பார்ப்பாள். "இன்னைக்கு எத்தனை லாரி டயர் தூக்கினீங்க? உண்மையைச் சொல்லுங்க." அக்கா பொய் சொல்வாள். தோள் அவளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அந்த இரண்டு அடுக்கையும் அக்கா இன்னும் விற்கவில்லை. பழைய டயர் எடுக்கிறவர் ஒவ்வொரு தடவை வரும்போதும் கேட்கிறார். அது வேண்டாம், மற்றதை எடுத்துக்கோ என்கிறாள். ஏன் என்று அவரும் கேட்பதை விட்டுவிட்டார்.

நாலு சக்கரமும் ஏறின. நெட்டி முறிப்பது போல் ரெஞ்ச் 'டக்' என்று சொல்லும்வரை ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கினாள். வண்டியை இறக்கி ஒரு தெரு சுற்றி வந்தாள். காற்றில் மிதப்பது மாதிரி ஓடியது. திரையில் எவ்வளவு தூரம் போகும் என்று காட்டியதைப் பார்த்ததும் அவளுக்கு மனசு குளிர்ந்தது. மலை ஏறலாம், போட்டியைப் பார்க்கலாம், பிள்ளையை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றும் போகலாம். இருட்டுவதற்குள் வீடு வந்து சேரலாம். அவள் செய்த வேலையிலேயே இதுதான் கச்சிதம் என்று தோன்றியது.

பக்கத்து ஸீட் பெல்ட்டை அவளும் கழற்றவில்லை.

-

வெயில் தாழ்ந்து தெருவிளக்கு எரிய ஆரம்பித்த நேரத்தில் தம்பி வந்தான். உடனே வருகிறேன் என்று போனவன்தான்.

காரைப் பார்த்தான். சக்கரத்தைப் பார்த்தான். மெல்லக் குனிந்து, எச்சில் துப்பச் சொல்லிவிட்டு நோயாளியின் வாயைப் பார்க்கிற மாதிரி, நாலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"நல்லா இருக்குக்கா."

"போய்ட்டு வந்தப்பறமும் சார்ஜ் மிச்சமிருக்கும். வேணும்னா நீயே பாரு."

"சரிக்கா."

இவ்வளவுதான் சொன்னான். திட்டியிருந்தால் அக்கா தாங்கியிருப்பாள், சண்டை போட்டிருந்தால் சந்தோஷமாகத் திருப்பிப் போட்டிருப்பாள். பள்ளிக்கூடத்தில் பேர் படிக்கும்போது தன் பேர் வரவில்லை என்று தெரிந்த பிள்ளை மாதிரி அவன் நின்றான். 

வீட்டுக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். கன்னத்தில் வைத்த கையை எடுக்காமலே கேட்டார்.

"மச்சான், மத்தியானம் உன் கிளினிக்குக்குப் போன் பண்ணேன், என் பல்லுக்கு நேரம் கேட்டு. நாளைக்கு இல்லைன்னாங்க. சரி, ஞாயித்துக்கிழமை. திங்களும் இல்லையாம், செவ்வாயும் இல்லையாம். போய்ட்டு அன்னைக்கே வர்ற ஆளுக்கு செவ்வாய்க்கிழமை வரைக்கும் எதுக்கு லீவு?"

தம்பி கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தான்.

"கறுப்பு டயர் அழகுக்கு இல்லை, அப்படித்தானே?"

தம்பி அந்தப் பழைய டயர் அடுக்கில் போய் உட்கார்ந்தான். தம்பி பெண்டாட்டி உட்காருகிற அடுக்கு.

"அன்னைக்கு வாலுகிட்டயிருந்து போனை வாங்கி அவ அம்மா கேட்டா மாமா. 'வழக்கம்போல அன்னைக்கே திரும்பிடுவீங்கல்ல'ன்னு. கோவமா கேக்கல. ரயில் எத்தனை மணிக்குன்னு கேக்கற மாதிரி கேட்டா. அதான் தாங்கல."

"நீ என்ன சொன்னே?"

"பாக்கலாம்னேன்."

"தங்கறேன்னு சொல்லித் தொலையறதுக்கு என்ன?"

"சொல்லி, வேண்டாம்னுட்டா?" தம்பி டயர் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "எனக்குத் தங்கணும் மாமா. ரெண்டு வருஷமா எனக்கு அந்த ஒரு ஆசைதான். கூடத்துல தரையில படுக்கச் சொன்னாலும் சரி. காலையில அவ காபி போடற சத்தம் கேட்டு முழிக்கணும். கேட்டா இல்லைன்னு சொல்லிடுவாளோன்னு பயமா இருக்கு. வண்டியே நகராதுன்னா நான் கேக்க வேண்டாம், அவளும் சரின்னு சொல்ல வேண்டாம். போனமா, சார்ஜ் தீந்துச்சா, தங்கினமான்னு ஆயிடும். இத்தனை வருஷம் திரும்பி வர்றதுக்கு வழி வெச்சுக்கிட்டே போனேன். ஒரு தடவையாவது வழி இல்லாம போய் நிக்கலாம்னு பாத்தேன். அதுக்காகத்தான் இந்தக் கரண்டு வண்டியையே வாங்கினேன்."

அக்கா சுவரோடு சாய்ந்துகொண்டாள். மிஷினில் சுற்றவிட்டதும், துளி ஈயம் ஒட்டியதும், தெரு சுற்றி வந்து மனசு குளிர்ந்ததும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. தம்பியின் குடித்தனத்தை எது கெடுத்ததோ அதையே இவள் நாலு மூலையிலும் கச்சிதமாக மாட்டி வைத்திருக்கிறாள்!

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாடா?"

"உன்கிட்ட சொன்னா நீ அவளுக்குப் போன் பண்ணி அழுவே."

அது நிஜம்தான். இரண்டு வருஷமாக அந்த நம்பரை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறாள்.

"என்னங்க, நின்னுக்கிட்டு என்ன வேடிக்கை? கறுப்பை உருட்டிட்டு வாங்க" என்றாள் அக்கா. கண்ணை முழங்கையால் துடைத்துக்கொண்டு லிஃப்டின் பொத்தானை அழுத்தினாள். கார் மெல்ல மேலே போனது.

-

வாசல் பக்கத்து இரண்டு சக்கரமும் கறுப்பாக மாறி முடிந்த நேரத்தில் தம்பியின் போன் அடித்தது. வாலு. படத்தோடு வருகிற அழைப்பு. தலை ஈரமாக இருந்தது.

"அப்பா! நாளைக்கு வர்றீங்கல்ல? அது யாரு பின்னாடி, அத்தையா? அத்தை, ஹாய்!"

அக்கா ரெஞ்ச்சை வைத்திருந்த கையை ஆட்டினாள். வாய் திறந்தால் அழுகைதான் வரும்.

"அப்பா, நானும் அம்மாவும் இன்னைக்கு ஷெட்டைக் காலி பண்ணோம். உங்க கார் நிக்கணும்ல? வாஷிங் மெஷினைக்கூட நகத்தியாச்சு. அதுக்குப் பின்னாடி பிளக் இருக்கு."

தம்பி நிமிர்ந்தான். "அம்மாவா நகத்தச் சொன்னாங்க?"

"நான்தான் சொன்னேன். அம்மா சரின்னாங்க. அப்பறம்... ஆங், அம்மா ஒண்ணு கேட்டாங்க. அந்த பிளக்குல போட்டா சார்ஜ் ஏற எவ்வளவு நேரம் ஆகும்னு."

"ஏன் கேட்டாங்க?"

"தெரியல. கேட்டுச் சொல்லுன்னாங்க."

தம்பி அக்காவைப் பார்த்தான். முகத்தில் வந்த வெளிச்சம் வந்த வேகத்தில் இறங்கியது. "பாத்துச் சொல்றேன்டா கண்ணு" என்றான்.

"எப்பவும் இதையே சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வாலு போனை வைத்துவிட்டாள்.

தம்பி போனைச் சட்டைப் பையில் போட்டான்.

"எவ்வளவு சீக்கிரம் அனுப்பலாம்னு கணக்குப் போடறா" என்றான் தம்பி.

"அப்படி ஏன் நினைக்கறே? ஷெட்டைக் காலி பண்ணியிருக்காளே!"

"பிள்ளை கேட்டுச்சு, பண்ணினா. அவ அப்படித்தான். யார் வந்தாலும் பண்ணுவா." அவன் எழுந்துகொண்டான். "போதும்க்கா. வெள்ளியையே மாட்டிடு. போறேன், பாக்கறேன், வந்துடறேன். பிடிக்காத எடத்துல சார்ஜ் இல்லைன்னு பொய்யா ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கறது எனக்கே அசிங்கமா இருக்கு."

"டேய்..."

"முகம் கழுவிட்டு வர்றேன்."

அவன் பின்பக்கம் போனான். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. வெகுநேரம் மூடுகிற சத்தம் கேட்கவில்லை. வீட்டுக்காரர் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, பல் வலிக்கு மாத்திரை வாங்கி வருகிறேன் என்று தெருவில் இறங்கினார். தம்பிக்குத் தனிமை வேண்டும் என்று அவருக்குத் தெரியும். மாத்திரை காலையிலேயே வாங்கியாகிவிட்டது.

அக்கா மட்டும் லிஃப்டின் கீழே நின்றாள். எதை மாட்டுவது? அவன் கேட்டதை மாட்டாமல் ஒரு தடவை கெடுத்தாகிவிட்டது. இப்போது கேட்டதை மாட்டினால் கெட்டுவிடுமோ என்று பயமாக இருந்தது.

அப்போது அவளுடைய போன் அடித்தது.

திரையில், இரண்டு வருஷமாக எடுப்பதும் வைப்பதுமாக இருந்த அந்த நம்பர். அழியாத அந்தக் கறுப்பு விரலாலேயே பச்சையைத் தொட்டாள்.

"அண்ணி" என்றது குரல்.

அக்கா லிஃப்டின் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, தோள் எப்படி இருக்கு?"

இரண்டு வருஷமாக அடைத்து வைத்திருந்ததெல்லாம் அந்த ஒரு கேள்வியில் உடைந்துகொண்டு வந்தது. "நல்லா இருக்கும்மா" என்றாள் அக்கா.

"பொய்."

"பொய்தான்" என்று ஒப்புக்கொண்டு, அழுதுகொண்டே சிரித்தாள். அந்தப் பக்கமும் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பேச வேண்டியது மலையளவு கிடந்தது. இரண்டு பேரும் எதையும் எடுக்கவில்லை.

"அவர் பக்கத்துல இருக்காரா?"

"இல்லை. முகம் கழுவறான்."

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. அவர்கிட்ட கேட்டா பாக்கலாம்பார், எனக்கு அந்த வார்த்தை ஆகாது. நீங்க சக்கர விஷயத்துல பொய் சொல்ல மாட்டீங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "அந்தக் கார் இங்க வந்துட்டு, சார்ஜ் போடாம அன்னைக்கே திரும்பிடுமா, திரும்பாதா?"

எந்தப் பதிலுக்காக அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று அக்காவுக்குப் பிடிபடவில்லை. திரும்பும் என்றால் நிம்மதியா? திரும்பாது என்றால் நிம்மதியா? குரலை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். தலைக்கு மேலே கார் வாசல் பக்கம் கறுப்பும் சுவர்ப் பக்கம் வெள்ளியுமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"நிஜத்தைச் சொல்லட்டுமாம்மா?" என்றாள். "அது இன்னும் முடிவாகலை. ரெண்டு செட்டு வெச்சிருக்கேன். ஒண்ணு போய்த் திரும்பும். இன்னொண்ணு போகும், திரும்பாது. ஒரு பக்கம் அது, ஒரு பக்கம் இதுன்னு பாதியில நிக்கறேன். அவன் சொல்லி ஒண்ணு மாட்டி, நானா ஒண்ணு மாட்டி, எல்லாம் தப்பாப் போச்சு. நீ சொல்லு. எதை மாட்டட்டும்?"

அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரவில்லை. "யாரும்மா போன்ல?" என்று வாலு கேட்பது தூரத்தில் கேட்டது. அதற்கும் பதில் வரவில்லை. ஆனால் போனை அவள் வைக்கவில்லை.

பின்பக்கம் குழாய் நின்றது.

அக்கா போனைக் காதுக்கும் வலது தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் ரெஞ்ச்சை எடுத்துக்கொண்டாள். அப்படி இடுக்கவே கூடாது என்று சொல்லிக்கொடுத்தவள் லைனில்தான் இருந்தாள். தோள் விண்விண்ணென்று தெறித்தது. அக்கா அசையாமல் காத்திருந்தாள்.